காதுக்குப் பின்னால் இருக்கும் தழும்பு

என்னை அடித்தவர்களில் ஒருவராவது இப்போது இந்தக் கோயிலில் உட்கார்ந்திருக்கலாம். பயப்பட வேண்டாம். நான் யாரையும் கைகாட்டப் போவதில்லை. எனக்கு முகங்கள் ஞாபகமில்லை, கால்கள்தான் ஞாபகமிருக்கின்றன. தரையில் கிடப்பவனுக்கு வேறு என்ன தெரியும்?

என் பெயர் ஆரோக்கியம். ஊர் மணப்பாறைப் பக்கம். தொழில் முடிவெட்டுவது. உங்களில் பாதிப் பேருடைய பிடரி எனக்கு நல்ல பழக்கம். இந்தப் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் கோவிந்தன் அண்ணன் கடையில் வேலை பார்த்தேன். அதோ, கடைசி வரிசையில் வாசலை ஒட்டி ஒரு மொட்டைத் தலை தெரிகிறதே, அவர்தான் கோவிந்தன் அண்ணன். அவர் முருக பக்தர். முருக பக்தருக்கு மாதா கோயிலில் என்ன வேலை, அவர் ஏன் மொட்டை அடித்திருக்கிறார் என்பதையெல்லாம் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஃபாதர் சுருக்கமாகப் பேசச் சொன்னார். முடிவெட்டுகிறவனிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது என் வேலை பர்மிட்டில் முடிதிருத்துபவன் என்றுதான் இருந்தது. அந்தத் தாளை நான் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டிருக்கிறேன். பிறகு சட்டம் மாறியது. முடிவெட்டும் கடைக்கு இனி வெளிநாட்டு ஆள் கிடையாது, உள்ளூர்ப் பிள்ளைகள் வருவார்கள் என்றார்கள். யாரும் வரவில்லை. கடைகள் ஒவ்வொன்றாக மூடியதும் கொஞ்சம் பேருக்கு அனுமதி என்றார்கள். பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு முறை செய்தி வரும்போதும் கோவிந்தன் அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார். நாற்காலியில் ஒருவர் பாதிச் சவரத்தோடு உட்கார்ந்திருப்பார்.

என் பர்மிட் முடிகிற நேரத்தில் ஓர் ஏஜெண்ட் வழி சொன்னார். துப்புரவு வேலைக்கு இன்னும் பர்மிட் கிடைக்கிறது, பேருக்கு அதில் மாற்றிக்கொண்டு பழைய கடையிலேயே வேலை பார்க்கலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். நாங்களும் செய்தோம். கொஞ்ச நாளில் அந்தக் கயிறும் இறுகியது. எந்த வேலைக்குப் பர்மிட்டோ அந்த வேலையில்தான் இருக்க வேண்டும். மாறிப் பிடிபட்டால் ஆளுக்குச் சிறை, பிறகு ஊருக்கு விமானம். வைத்திருந்த முதலாளிக்கு வழக்கு, கடைக்குப் பூட்டு. அதே கடை, அதே நாற்காலி, கையில் அதே கத்தி. நான் ஒன்றும் மாறவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் நான் குற்றவாளி.

செக்கிங் வந்தால் என்ன செய்வது என்று எங்கள் கடைகளில் ஒரு பழக்கம் இருந்தது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, காலியாக இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும். முதலாளி முகத்தில் நுரையைப் பூசிவிடுவார். வேலைக்காரன் வாடிக்கையாளர் ஆகிவிடுவான். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அந்த நுரைக்குள் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் தெரியும் அந்தச் சிரிப்பு.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவன் முத்து, புதுக்கோட்டைக்காரன். அதிகாரிகள் வந்த அன்று கடையில் காலியாக இருந்தது ஒரே நாற்காலி. நான் அதன் பக்கத்தில் நின்றிருந்தேன், உட்கார்ந்துவிட்டேன். முத்து பின்பக்கமாக ஓடித் தகரக் கூரையில் ஏறினான். தகரம் பிய்ந்தது. சாக்கடை விளிம்பில் விழுந்து அவன் கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இரண்டு பேர் கைத்தாங்கலாக அவனைக் கடைக்குள் கொண்டுவந்தார்கள். தரையில் கிடந்த முடியெல்லாம் அவன் இரத்தத்தில் ஒட்டிக்கொண்டது.

“இவன் உன் வேலையாளா?” என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

கோவிந்தன் அண்ணனின் கத்தி அப்போது என் தாடையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“தெரியாது சார். முடிவெட்ட வந்த ஆளு போல. பயந்து ஓடிட்டான்,” என்றார்.

முத்து அவரை நிமிர்ந்து பார்த்தான். “அண்ணே” என்று ஒரு முறை கூப்பிட்டான். அவனைக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நாளில் ஊருக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

அன்று கடையைக் கழுவியது அண்ணன்தான். என்னைக் கழுவ விடவில்லை. நான் முத்துவின் கத்தரியைத் துடைத்து எடுத்து வைத்ததைப் பார்த்து அவருக்குக் கோபம் வந்தது.

“எனக்கு மட்டும் என்ன ஆசையாடா? ஆமான்னு சொல்லியிருந்தா கடை போயிருக்கும்லா. நீயும் சேர்ந்துதான் போயிருப்ப.”

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் எனக்கு அன்றே ஒன்று தெரிந்துவிட்டது. என் முறை வரும்போது என்னையும் இவர் தெரியாது என்றுதான் சொல்வார். அதற்குப் பிறகு அவர் போட்டுத் தந்த தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை.

ஊரிலிருந்து என் மனைவி ஸ்டெல்லா போனில் அழுவாள். “மாதாவுக்கு முடி நேர்ந்துக்கங்க. உங்க தொழிலுக்கே பர்மிட் கிடைக்கணும்னு கேளுங்க,” என்றாள். சரி என்றேன். மாதாவின் பிறந்தநாள் திருவிழாவுக்குக் கொடியேற்றிய வாரம். கோயில் திருவிழாவுக்குக்கூட நிம்மதியாகப் போக முடியாத எனக்கு வேளாங்கண்ணி எங்கே? இங்கேயே இறக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டு வழக்கப்படி வேண்டுதல் முடியைத் தன் கையால் இறக்கிக்கொள்ளக் கூடாது. கடையில் இருந்த இன்னொரு கை கோவிந்தன் அண்ணனின் கைதான்.

“உன் மாதாவுக்கு நான் அடிக்கலாமாடா?” என்று கேட்டார்.

“அடிங்கண்ணே. மாதா ஒன்னும் சொல்ல மாட்டாங்க.”

காலையில் கடை திறப்பதற்கு முன்னால் உட்கார்ந்தேன். முத்து போனதற்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தது அன்றுதான். என் தலைமுடி அடர்த்தியான சுருட்டை. நனைத்து நனைத்து இறக்கினார். கடைசியில் வலது காதை மடக்கிப் பின்பக்கம் வழிக்கும்போது வெளியே ஒரு லாரி ஹார்ன் அடித்தது. கை சறுக்கிவிட்டது. நல்ல வெட்டு. அவர் பதறிப்போய்ப் படிகாரக் கல்லை எடுத்து அழுத்தினார். எனக்கு உயிர் போனது.

“இத்தன வருச தொழில்ல ஒருத்தனையும் வெட்டுனதில்லடா. உனக்குன்னு வந்து வாச்சிருக்கு.”

நான் அன்று சிரித்தேன். இப்போது நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

அந்த வாரம் தீவுக்கு அக்கரையில், பெருநிலத்துப் பக்கம் ஒரு தடுப்பு முகாமிலிருந்து சிலர் தப்பிவிட்டார்கள் என்று பேச்சு. கடல் தாண்டி வந்த அகதிகள். முன்பெல்லாம் அகதி அட்டையைக் காட்டினால் விட்டுவிடுவார்களாம், இப்போது அட்டைக்கு மதிப்பில்லை என்று அவர்களுக்குள்ளும் கலக்கம். எல்லோர் போனிலும் ஒரே தகவல் சுற்றியது. தப்பியவர்கள் மொட்டை அடித்தவர்கள், கையில் கத்தி இருக்கிறது, லாரியில் ஒளிந்து தீவுக்குள் வந்துவிட்டார்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள். நானும் அதைப் படித்தேன். படித்துவிட்டுப் போனைப் பையில் போட்டேன். என் தலையைத் தடவிப் பார்க்கவில்லை. வேண்டுதலுக்கு அடித்த மொட்டை என்றால் நம் ஊரில் வழிவிட்டு நிற்பார்கள். அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டேன்.

சுங்கை பினாங்கில் ஒரு பிளாட்டில் ராஜம் அக்கா இருக்கிறார். அவருடைய அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. வீட்டுக்கே போய் அவருக்கு முடிவெட்டிச் சவரம் செய்வது என் வேலை. முடி இறக்கிய அன்று அந்த வீட்டு முறை. பையில் கத்தி, கத்தரி, படிகாரம், பவுடர் எல்லாம் எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனேன். நல்ல வெயில். தலை சுட்டது. பாசாரில் வழக்கமாகக் கையசைக்கிற மீன்காரர் அன்று கையசைக்கவில்லை.

பிளாட்டுக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் சைக்கிளைச் சாய்த்தேன். பின்னால் யாரோ “ஓய், மொட்டை” என்று கத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் நாலைந்து பேர் வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். அங்கேயே நின்றிருந்தால் ஒருவேளை பேசித் தப்பித்திருப்பேன். ஆனால் யார் சத்தம் போட்டாலும் ஓடு என்று என் கால்கள் பழகியிருந்தன. ஓடினேன். பர்மிட் சரியில்லாத ஒருவன் எப்போதும் செய்கிற காரியத்தைத்தான் நானும் செய்தேன்.

படிக்கட்டு வரைதான் போக முடிந்தது. முதல் அடி ஹெல்மெட்டால் பின்தலையில் விழுந்தது. குப்புற விழுந்தேன். முன்பல் சிமெண்டில் உடைந்தது.

“புடிச்சிட்டேன், புடிச்சிட்டேன். கேம்ப்ல இருந்து ஓடியாந்தவன்லா இவன்,” என்று ஒரு குரல் தமிழில் கேட்டது.

அதைச் சொல்லாமல் விட மாட்டேன். முதல் அடி கொடுத்தவர் தமிழ் பேசினார். பிறகு எல்லா இனத்தவரும் வந்தார்கள். அடிப்பதில் இந்த ஊரில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“அண்ணே, நான் தமிழ்தாண்ணே. முடிவெட்டுறவன்,” என்றேன்.

“பேச்ச பாரு, ஊர்க்காரன் பேச்சே இல்ல,” என்று விலாவில் மிதித்தார்கள். உள்ளே ஏதோ முறிந்தது. மூச்சு விட முடியவில்லை.

ஒருவர் என் பையைத் தலைகீழாகக் கொட்டினார். சவரக் கத்தி கீழே விழுந்து வெயிலில் மின்னியது. அவ்வளவுதான். அதுவரை பயத்தில் அடித்தவர்களுக்கு வெறி வந்துவிட்டது. இரும்புக் குழாய் வந்தது, கட்டை வந்தது. கத்தியை நான் எடுத்துவிடக் கூடாது என்று ஒருவர் பூட்ஸ் காலால் என் வலது கை விரல்களை மிதித்துத் திருகினார். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. நான் சம்பாதிக்கிற கை அது. துணி காயப்போடும் கயிற்றால் என்னைத் தூணோடு கட்டினார்கள். ஒருவர் என் கத்தியைத் திறந்து என் கழுத்திலேயே வைத்தார்.

“எத்தன பேர வெட்டுன, சொல்லு. கூட வந்தவனுங்க எங்க?”

“இது கத்தி போட்ட மொட்டைண்ணே, தடவிப் பாருங்க. முகாம்ல மிஷின்தான் போடுவாங்க. இது வேண்டுதல்,” என்று கத்தினேன். பல் இல்லாத வாயில் அது எப்படிக் கேட்டதோ. ஒரு கை என் தலையைத் தடவியது. தடவிய கையே ஓங்கி அறைந்தது.

“பாஸ்போர்ட் எங்கடா?”

“மொதலாளிகிட்ட இருக்கு.”

“மொதலாளி யாரு?”

அங்கேதான் என் வாய் அடைத்துக்கொண்டது. பெயரைச் சொன்னால் அவருக்கு வழக்கு, கடைக்குப் பூட்டு. சொல்லி அவர் தெரியாது என்றுவிட்டால் நான் பொய்யன், அடித்தே கொன்றுவிடுவார்கள். அவர் தெரியாது என்றுதான் சொல்வார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லாததற்கும் அடி விழுந்தது. கடைசியில் முகவாயால் மேலே காட்டினேன்.

“நாலாவது மாடி. ராஜம் அக்கா. அவங்களக் கேளுங்க.”

கீழேயிருந்து கூப்பிட்டார்கள். ராஜம் அக்கா நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. எத்தனை முறை என் கையால் அவர் அப்பாவைக் குழந்தை மாதிரிச் சுத்தப்படுத்தியிருக்கிறேன். எத்தனை முறை அவர் கையால் தோசை சாப்பிட்டிருக்கிறேன். நான் நிமிர்ந்து முகத்தைக் காட்டினேன். முகம் என்று ஒன்று இருந்ததா என்று தெரியவில்லை.

அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “ஐயோ, இது இல்லய்யா. எங்க வீட்டுக்கு வர்றவருக்கு நல்ல சுருட்டை முடி. இந்த மொட்டையன் யாருன்னே தெரியல,” என்றார். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு மனது விட்டுப்போய்விட்டது. மாதாவுக்காக இறக்கிய முடி. அந்த முடி இருந்திருந்தால் அக்காவுக்கு என்னைத் தெரிந்திருக்கும். இதற்காகத்தான் கேட்டாயா அம்மா என்று உள்ளுக்குள் கத்தினேன். மங்கள வார்த்தை ஜெபத்தைத் தொடங்கினேன், பாதியில் மறந்துபோனது. சின்ன வயதிலிருந்து சொன்ன ஜெபம் மறந்துபோகும் அளவுக்கு அடி. பர்மிட், மனைவி, ஊர் எதுவும் நினைவில் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அம்மா, இவனை எனக்குத் தெரியும் என்று ஒருவர் சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் போதும். பிறகு என்னைக் கொன்றாலும் பரவாயில்லை.

இனி நான் சொல்வது எனக்கு அப்போது தெரியாது. பிறகு அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

கதவைச் சாத்திய ராஜம் அக்காவுக்குக் கோபம். அப்பாவைக் குளிப்பாட்ட வெந்நீர் வைத்துக் காத்திருக்கிறார், முடிவெட்டுகிறவனைக் காணோம். போனை எடுத்து நேராகக் கோவிந்தன் அண்ணனைக் கூப்பிட்டார்.

“என்ன அண்ணே, உங்க ஆளு இன்னும் வரல. சீக்கிரம் அனுப்புங்க. கீழ வேற ஒரே கலாட்டா. ஒரு மொட்டையனப் புடிச்சிக் கட்டிப்போட்டு அடிக்கிறாங்க. பையில கத்தி வச்சிருந்தானாம்.”

இந்தப் பினாங்கில் அந்த மொட்டையன் யார் என்று தெரிந்தவர் ஒரே ஒருவர். அந்த மொட்டையை அடித்தவர். அவர் காதில்தான் அந்தப் பேச்சு விழுந்தது. நான் கேட்டதும் ஒருவரைத்தான். இதை யாராவது தற்செயல் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். தூணில் கட்டுண்டு நின்றவன் நான்.

போனைக் கேட்ட கோவிந்தன் அண்ணன் உடனே ஓடிவந்துவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் ஓடி வரவில்லை. கடையின் ஷட்டரை இறக்கினார், விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தார். அதை அவரே என்னிடம் சொன்னார்.

“போனா மாட்டுவேன்னு தெரியும்டா. பேசாம இருந்துரலாம்னுதான் உக்காந்தேன். முத்து ‘அண்ணே’ன்னு கூப்பிட்டான் பாரு, அதே சத்தம் கடைக்குள்ளயே கேட்டுச்சி. உக்கார முடியல.”

மேசை இழுப்பறையில் இருந்த என் பாஸ்போர்ட்டை எடுத்தார். கழுத்தில் மாட்டிய வேலைத் துணியைக்கூடக் கழற்றாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தார். வழியெல்லாம் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாராம். பையன் உயிரோடு இருந்தால் என் முடி உனக்கு என்று நேர்ந்துகொண்டாராம்.

அவர் வருவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. வந்த அதிகாரி நல்லவர், கூட்டத்தை விலக்கி என் கட்டை அவிழ்த்தார். அவிழ்த்து விலங்கு மாட்டினார். நான் தப்பி வந்தவன், ஆயுதத்தோடு பிடிபட்டவன் என்று கூட்டமே சாட்சி சொன்னது. என்னை வண்டியில் ஏற்றப் போன நேரத்தில் கோவிந்தன் அண்ணன் வந்து இறங்கினார்.

அவரைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, பயம்தான் வந்தது. பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுத் துப்புரவுக்காரன் என்று சொன்னால் அவர் தப்பிப்பார். ஆனால் துப்புரவுக்காரன் பையில் சவரக் கத்தி எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இருக்காது, நான் மாட்டிக்கொள்வேன். கத்திக்குக் காரணம் காட்ட வேண்டுமென்றால், இவன் என் கடையில் முடிவெட்டுகிறவன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் கடை போச்சு.

அதிகாரி அவரிடம் கேட்டார். அன்று முத்துவுக்காகக் கேட்ட அதே கேள்வி. “இவன் உன் வேலையாளா?”

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீங்கிய கண்ணில் ஒரு கீற்றுதான் தெரிந்தது. எச்சிலை விழுங்கினார்.

“டியா பெக்கெர்ஜா சாயா,” என்றார். என் வேலையாள் என்று மலாயில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், “என் ஆளுதான்டா நீ,” என்றார். அழுதுகொண்டே சொன்னார்.

அதிகாரி நம்பவில்லை. பாஸ்போர்ட் படத்தில் சுருட்டை முடியோடு ஒரு முகம். விலங்கில் நின்றது வேறு ஏதோ. யாரையோ காப்பாற்றப் பார்க்கிறாயா என்று அதட்டினார்.

“சார், வலது காத மடக்கிப் பாருங்க. பின்னால ஒரு வெட்டு இருக்கும். புதுசு. படிகாரம் வச்ச வெள்ளை இருக்கும். இன்னிக்கிக் காலையில நான்தான் வெட்டுனேன். இந்தக் கத்தி என் கடைக் கத்தி. இவன் என் கடையில முடிவெட்டுறான்.”

அதிகாரி காகிதக் கைக்குட்டையால் இரத்தத்தைத் துடைத்துக் காதை மடக்கினார். அவர் சொன்ன இடத்தில் வெட்டு இருந்தது. உடம்பெல்லாம் காயமான ஒருவன் உடம்பில், அன்பாகக் கை வைத்தபோது விழுந்த ஒரே காயம் அது. அதுதான் நான் யார் என்று சொன்னது.

“பர்மிட்டில் துப்புரவு என்று இருக்கிறதே. தெரியுமா?” என்று அதிகாரி கேட்டார்.

“தெரியும் சார்.”

கூட்டம் கரைய ஆரம்பித்தது. எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரோ ஒருவர் என் செருப்பைத் தேடி எடுத்து வந்து காலடியில் ஜோடியாக வைத்துவிட்டுப் போனார். யார் என்று பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டிருந்தார்கள். விலா எலும்புகள் முறிந்திருந்தன. வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது என்றார்கள். பர்மிட் ரத்து. அண்ணனின் கடைக்குப் பூட்டு, அவர் மேல் வழக்கு. ராஜம் அக்கா வந்து கட்டில் ஓரத்தில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் என்னையே திட்டினார்.

“மொட்ட அடிச்சா ஒரு வார்த்த சொல்லிட்டு அடிக்கக் கூடாதாய்யா? நான் பாவி எப்படிக் கண்டுபுடிப்பேன்?”

விலா வலிக்க வலிக்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் படுத்திருந்த நாள் முழுக்க அக்கா வீட்டுக் கஞ்சிதான்.

ஆனால் மாதாவின் மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நம் கோயில் அன்பியக் குழுவைச் சேர்ந்த அக்கா ஒருவர் தலைமாட்டில் ஜெபமாலையைத் தொங்கவிட்டுப் போனார். இடது கையால் பிடுங்கி எறிந்தேன். பர்மிட் கேட்டேன், பல்லையும் விரலையும் எடுத்துக்கொண்டாயே என்று பேசினேன். அன்று பேசிய மற்றதை இங்கே சொல்ல முடியாது, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பக்கத்துக் கட்டிலில் ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். அவருக்கும் விலங்கு. அவர் உண்மையாகவே முகாமிலிருந்து தப்பியவர். என் வயதுதான் இருக்கும். என்னை அடித்ததைவிட அவரை அதிகம் அடித்திருந்தார்கள். எங்கே, யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. ஒரு கண் போய்விட்டது. எங்களுக்குள் பேச ஒரு மொழி இல்லை. ஒரு மத்தியானம் அவர் தன் மொட்டைத் தலையைத் தொட்டார், பிறகு கையை நீட்டி என் தலையைக் காட்டினார். உடைந்த வாயோடு சிரித்தார். நானும் சிரித்தேன்.

என்னைப் பார்க்க அண்ணன் வந்தார், ராஜம் அக்கா வந்தார், நீங்கள் சிலர் வந்தீர்கள். அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. இவரை எனக்குத் தெரியும் என்று சொல்ல இந்த நாட்டில் அவருக்கு ஒரு ஆள் இல்லை. அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் தூணில் நின்று கேட்டது கிடைத்துவிட்டது. கேட்ட வார்த்தை மாறாமல் கிடைத்துவிட்டது. தாதியிடம் சொல்லி, எறிந்த ஜெபமாலையைத் தேடி எடுத்துத் தரச் சொன்னேன். அவருக்காகத்தான் முதலில் சொன்னேன். ஒரு காலையில் அவரைக் கொண்டுபோய்விட்டார்கள். பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருடைய தலை மட்டும் தெரியும்.

என்னை அடித்தவர்களை மன்னித்துவிட்டாயா என்று ஃபாதர் கேட்டார். பாதி என்றேன். மீதிக்கும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் முத்துவின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினார். நானும் பக்கத்தில் இருந்தேன். மன்னிச்சிருடா என்று சொல்ல முடியாமல் அண்ணன் தேம்பினார். முத்துவுக்குக் கால் இன்னும் சரியாகவில்லை, நொண்டி நொண்டித்தான் நடக்கிறான். கடைசியில் அவன்தான், “அழாதீங்கண்ணே. கடை எப்படி இருக்கு?” என்று கேட்டான். கடை இல்லை என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. இப்போது அவர் பெருநிலத்தில் ஜுரு என்கிற ஊரில் மருமகனுடைய கார்ப் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார்.

வழக்கு முடியும் வரை எனக்கு இங்கே இருக்க அனுமதி கொடுத்தார்கள். அது முடிந்துவிட்டது. இந்த வாரம் என்னை ஊருக்கு அனுப்புகிறார்கள். நான் நேர்ந்துகொண்ட பர்மிட் கடைசி வரை கிடைக்கவில்லை. அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு வராது.

நேற்று ராஜம் அக்கா வீட்டு நடைபாதையில் நாற்காலி போட்டோம். முருகனுக்கு நேர்ந்த முடியை என் கையால்தான் இறக்க வேண்டும் என்று அண்ணன் இத்தனை மாதம் காத்திருந்தார். மடங்காத இரண்டு விரலோடு கத்தியைப் பிடித்தேன். பிடி சரியாக நிற்கவில்லை.

“வெட்டுனா வெட்டுடா. எனக்கும் காதுக்குப் பின்னால ஒரு அடையாளம் இருக்கட்டும்,” என்றார்.

ஒரு கீறல் இல்லாமல் இறக்கிவிட்டேன். என் கடைசி வேலை இந்த ஊரில் அதுதான். கீழே அதே கார் நிறுத்துமிடம், அதே தூண். மேலேயிருந்து பார்க்கச் சின்னதாகத்தான் தெரிந்தது.

சகோதர சகோதரிகளே, சட்டம் இன்னும் மாறும். இன்று செல்லும் தாள் நாளைக்குச் செல்லாது. அப்போது தாளை நம்பியவன் தெருவில் நிற்பான். நீங்கள் மாதாவிடம் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள், கோபமாகக்கூடக் கேளுங்கள், அவர்கள் தாங்குவார்கள். ஆனால் அவர்கள் பதில் அனுப்பும்போது ஒரு மனிதனின் வாய் வழியாகத்தான் அனுப்புகிறார்கள். அந்த வாய் உங்களுடையதாக இருக்கலாம். விலங்கு போட்ட ஒருவனைக் காட்டி, இவனைத் தெரியுமா என்று உங்களிடம் யாராவது கேட்கலாம். அன்று எச்சிலை விழுங்கிக்கொண்டாவது தெரியும் என்று சொல்லுங்கள்.

பூசை முடிந்து வெளியே போகும்போது கடைசி வரிசையில் இருக்கும் அவரோடு ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். யாரோ மொட்டைத் தலைக்காரர் என்று ஒதுங்கிப் போக வேண்டாம். அவரை எனக்குத் தெரியும்.